அடி தட்டாத பை

ஜெனோவா தைத்த நைட்டியின் பைக்குள் முதலில் போனது ஒரு வீட்டுச் சாவி, அதற்கு அடுத்ததாகப் போனது ஒரு கூடை சாளை மீன், அதற்கப்புறம் என்னென்ன போயின என்று வெள்ளிமுனையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

அதுவரை அந்தக் கடற்கரை ஊரில் பெண்களின் உடுப்புக்குப் பை கிடையாது. ஆண்களின் சட்டைக்கு நெஞ்சில் பை இருந்தது, கால்சட்டைக்கு முன்னும் பின்னும் இருந்தது, கைலி கட்டியவனுக்குக்கூட இடுப்பு மடிப்பு இருந்தது. பெண்களோ போனை ரவிக்கைக்குள் செருகி, சில்லறையை முந்தியில் முடிந்து, முடிந்துகொள்ள முந்தானையும் இல்லாத நைட்டிக்காரிகள் சாவியையும் குடத்தையும் ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தால் சொரிவதற்குக் கையில்லாமல் நடந்தார்கள். கடலில் உப்பு ஏன் என்று யாரும் கேட்காதது போல அதையும் யாரும் கேட்கவில்லை.

ஜெனோவா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஒரு தையல் மிஷினும், கல்லூரியில் படித்த கணக்கும் கூடவே வந்தன. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கச் சம்மதிக்கவில்லை. அவள் ஒரு பாவாடை தைத்தால் முக்கோணத்துக்குள் முக்கோணமாக, அதற்குள்ளும் முக்கோணமாக ஊசி போக இடமில்லாத வரைக்கும் முக்கோணமாகவே போகும். ரவிக்கைக் கைக்கு மடிப்பு வைத்தால் ஒவ்வொரு மடிப்பும் அதற்கு முந்திய இரண்டு மடிப்பைச் சேர்த்த அகலத்துக்கு விரியும். கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளை ஒருத்திக்கு, எங்கே தேடினாலும் ஒரு தடவை வந்த கோலம் அப்படியே வரிசையாகத் திரும்பி வராத கட்டம்போட்ட கவுன் ஒன்று தைத்துக் கொடுத்ததில், பங்குச்சாமி அந்தக் கவுனைப் பார்த்துக்கொண்டே நின்று பிரசங்கத்தை மறந்துபோனார். ஊரில் அதற்குக் 'கணக்குத் தையல்' என்று பெயர். கல்யாணத்துக்கு உடுத்தலாம், பார்த்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும் என்பார்கள்.

பை வேண்டும் என்று முதலில் கேட்டவள் பனிமயம். ஜெனோவாவின் நாத்தனார், மீன் விற்கிறவள். அன்று காலை பஸ்ஸில் ஏறப் போனவளை, மீன்கூடை நாறுகிறது என்று கண்டக்டர் படியிலேயே மறித்து விசில் ஊதிவிட்டார்.

"மதினி, எனக்கு உடுப்புல ஒரு பை வச்சுத் தாங்க. கூடைய அதுக்குள்ள போட்டுட்டுக் கையை வீசிட்டுப் போய் அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா உக்காரணும்" என்றாள் பனிமயம், கோபத்தில் சொன்னது.

"கூடை புடிக்கிற பையா?" என்று சிரித்தாள் ஜெனோவா. சிரித்தவளுக்கு அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கடல் கலங்கிக் கிடந்த ஒரு காலையில் கரையெல்லாம் பாசி ஒதுங்கியிருந்தது. பச்சையாக, கண்ணாடி போல மெல்லிசாக, ஓரமெல்லாம் பிரில் வைத்தது போல நெளிந்து கிடந்த ஒரு பாசி இலையை ஜெனோவா கையில் எடுத்தாள், வெயிலுக்கு நேரே பிடித்தாள், விரலால் ஓரத்தை நீவி விட்டாள், விட்ட இடத்திலேயே அது மறுபடி நெளிந்தது. இலையின் நடு மெதுவாக வளர்கிறது, ஓரம் இரட்டிப்பாக வளர்கிறது, வளர்ந்ததற்கு இருக்க இடம் போதவில்லை, அதனால் நெளிகிறது. அப்படியானால் ஒரு பிடிக்குள் எவ்வளவு இடத்தை வேண்டுமானாலும் மடித்து வைத்துவிடலாமே என்று தோன்றியதும் பாசியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடினாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. மாமியார் கயித்தம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை.

குரோஷா ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்தாள். முதல் வட்டத்தில் போட்ட ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த வட்டத்தில் இரண்டு கண்ணி, அந்த இரண்டுக்கும் அதற்கடுத்து நாலு, நாலுக்கு எட்டு என்று பின்னப் பின்ன, அது சேவல் கொண்டை போலச் சுருண்டு, பிறகு கொத்துப் பூப்போலக் குவிந்து, நூல்கண்டுகள் தீர்ந்து தீர்ந்து போனாலும் கைக்குள் ஒரு கோழிமுட்டை அளவுக்கு மேல் பெரிதாகாமல் இருந்தது. அதை ஒரு பூப்போட்ட நைட்டியின் வலது பக்கத்தில் வாயை மட்டும் வெளியே வைத்துத் தைத்தாள். சாவியைப் போட்டுப் பார்த்தாள். எடுக்கக் கையை விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது, அடி தட்டவில்லை.

"பனிமயம்" என்று கொல்லைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள், "உன் கூடைய எடுத்துட்டு வா. அதுல ஒரு நூலும் கட்டிட்டு வா."

கூடை பையின் வாயைவிடப் பெரிசுதான். ஆனால் விளிம்பு கொஞ்சம் நுழைந்ததும், நண்டு வளைக்குள் போவது போல மீதியும் சாய்ந்து நெளிந்து உள்ளே போய்விட்டது. பனிமயம் குனிந்து முகர்ந்து பார்த்தாள். வாடையும் இல்லை. மறுநாள் அவள் நைட்டிக்கும் ஒரு பை வந்தது. அதற்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரின் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஜெனோவாவின் ஊசி ஓயவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் நூலோடு வந்து நின்றார்கள், பின்னத் தெரிந்தவர்கள் கற்றுக்கொண்டு தாங்களே பின்னினார்கள், மழைக்காலம் வருவதற்குள் வெள்ளிமுனையில் பையில்லாத நைட்டியே கிடையாது என்றாகிவிட்டது. தண்ணீர் லாரி வந்தால் டிரம்மை அப்படியே பைக்குள் இறக்கிக்கொண்டு போனார்கள். கல்யாண வீட்டுக்கு நாற்காலி கொண்டுவர ஒருத்தி போதும் என்றானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் பைக்குள் எங்கேயோ போய்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள், டீச்சர்களும் தங்கள் பைக்குள் கைவிட்டுத் துழாவியவர்கள் என்பதால் அதை நம்ப வேண்டியிருந்தது. ஒருத்தி ஆட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அது பாதி வழியில் 'மே' என்றது. கத்தினால் ஆட்டுக்கு டிக்கெட் உண்டு, கத்தாவிட்டால் கிடையாது என்று கண்டக்டரும் ஊர்க் கமிட்டியும் பேசி முடித்தார்கள். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில், பூசை நடக்கும்போது யாரும் பைக்குள்ளிருந்து கட்டில் எடுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரேயொரு விஷயத்தில்தான் ஜெனோவா கண்டிப்பாக இருந்தாள். உள்ளே போகிற எதற்கும் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியைப் பையின் வாயில் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். "உள்ள போகப்போக வழி இரட்டிக்கும். நூல் இல்லாமப் போனது திரும்பி வராது" என்று பின்னக் கற்றுக்கொண்ட ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

இதிலெல்லாம் சேராமல் இருந்தவன் அவள் புருசன் ரெமிஜியூஸ். முன்பெல்லாம் அரிசி மூட்டையும் விறகும் அவன் தோளில்தான் வீட்டுக்கு வரும். மிஷினை ஜன்னலோரம் நகர்த்த வேண்டுமானால் "ஏங்க, ஒரு கை பிடிங்க" என்று அவள் கூப்பிடுவாள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டே, "ஊரே பொம்பளையளுக்க பைக்குள்ள போயிட்டு. நாளைக்கு நம்மளயும் மடிச்சு வச்சிருவாளுவ" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது. ஜெனோவா அதைக் கவனித்தாள், கவனித்தும் கையில் இருந்த பின்னலை வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை, அதை அவனுக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது.

கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து அலறியது, எல்லாரும் உள்நாட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று. முந்திய புயலில் ஊர் உயிரை மட்டும் கொண்டு ஓடியிருந்தது, திரும்பி வந்து பார்த்தபோது மீன்பிடி வள்ளங்கள் விறகாகக் கிடந்தன. இந்தத் தடவை பெண்கள் ஓடவில்லை. வீடுவீடாகப் புகுந்து அடுப்பு, அரிசிப்பானை, பீரோ, தையல் மிஷின், கல்யாண போட்டோ, தொட்டில், கோழிக்கூடு எல்லாவற்றுக்கும் நூல் கட்டிப் பைக்குள் இறக்கினார்கள். கோயில் மணியைப் பனிமயம் எடுத்துக்கொண்டாள், அவள் நடந்தால் எங்கோ அடியாழத்தில் அது ஒரு தடவை அடித்தது. பிறகு காற்றுக்கு எதிராகக் குனிந்துகொண்டு கரைக்கு வந்தார்கள், வள்ளங்களுக்கு முன்னால் ஆளுக்கொருத்தியாக நின்று பையின் வாயை விரித்தார்கள். ஆண்கள் தள்ளினார்கள். மூக்கு நுழைந்தது, பிறகு வயிறு நுழைந்தது, பின்னால் இஞ்சினும் நுழைந்தது, ஒவ்வொரு வள்ளமாகக் கரை காலியானது.

ரெமிஜியூஸின் வள்ளம் மட்டும் நின்றது. அவன் அதற்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எறங்குங்க. நேரமாச்சு" என்றாள் ஜெனோவா.

"நீ போ, எட்டி. கடலைப் பாத்து நின்ன வள்ளம். ஒரு நைட்டிக்குள்ள போகாது."

"போனா என்ன கொறஞ்சிரும்?"

"எனக்கு ஒண்ணும் கொறையாது. கொறையதுக்கு என்ன மிச்சம் இருக்கு? நீ கூப்பிட்டு எத்தனை நாளாச்சு, ஒரு மூட்டையத் தூக்கன்னாவது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தோளுக்குப் பின்னால் கடல் எழுந்தது. பனைமர உயரத்துக்கு, பழுப்பாக, சத்தமே இல்லாமல் எழுந்தது. ஜெனோவா இடுப்பளவு தண்ணீருக்குள் பாய்ந்தாள், நைட்டி குடை போல விரிந்து மிதந்தது, இரண்டு கையாலும் பையின் வாயை இழுத்துப் பிடித்து வள்ளத்தின் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள்.

"குனியுங்க!"

"மாட்டேன்னு சொல்லுதம்லா, நான் என்ன..." என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே பை வள்ளத்தையும் அவனையும் மீதிப் பேச்சையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. பனிமயம் ஓடி வந்து ஜெனோவாவின் முடியைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். அலை இருவரையும் உருட்டிப் போட்டுவிட்டுத் திரும்பியது.

நூல் கட்டவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் ஜெனோவா வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அந்தப் பையில் எதை வைத்தாலும் கனம் தெரியாது, பீரோவை வைத்தாலும் ஒரு சாவியின் கனம்தான். இன்றைக்குக் கனத்தது.

காற்று ஓடுகளைப் பிய்த்து எறிந்து, மரங்களை முறித்து, களைத்துப்போய்ப் பொழுது விடியும்போது அடங்கியது. பெண்கள் நூலைப் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் அடுப்புகள் எரிந்தன, தொட்டில்கள் ஆடின, வள்ளங்கள் வரிசையாகச் சேற்றில் நின்றன, போன புயலில் அழுதவர்கள் இந்தப் புயலில் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ஜெனோவா ஒரு மூலையில் உட்கார்ந்து பைக்குள் முகத்தை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க! இங்கன வாங்க!"

"இந்தா வாரேன்!" என்று உள்ளிருந்து ரெமிஜியூஸின் குரல் வந்தது, பக்கத்தில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கேட்டது. "நேராத்தான் வாரேன். நேரா வரவர உன் சத்தம் பக்கவாட்டுல போவுதுட்டி!"

பனிமயம் தன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டாள். "நான் போயி அண்ணனைக் கூட்டிட்டு வாரேன், மதினி."

"வேண்டாம். உள்ள மயிரளவு விலகுனா அடுத்த எட்டுல ஒரு முழம் விலகும், அதுக்கு அடுத்து ஒரு ஊரு விலகும். கயித்த இழுத்தா நீ வருவ, அவரு வரமாட்டாரு." ஜெனோவா எழுந்து நின்றாள். தான் பின்னியதிலேயே முதலாவது, தான் பின்னியதிலேயே அழகானது அந்தப் பை; அது இனிமேல் பையாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்த அதே மூச்சில் கத்தரிக்கோலை எடுத்து நைட்டியிலிருந்து அதை வெட்டினாள். "வழி உள்ள இருக்கிறதாலதான் தொலையுது. எல்லா வழியையும் வெளிய இழுத்துப் போட்டுட்டா எங்க போவாரு? புரட்டுங்க!"

அவள் பையின் வாய்க்குள் கையை விட்டு ஒரு கொத்துப் பின்னலைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிரில் பிரிலாக வந்தது. பனிமயம் ஒரு பக்கம் பிடித்தாள், கயித்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தாள், வந்தது மூன்று பேர் கைக்கு அடங்காமல் போனதும் ஊர் முழுக்க ஓடி வந்தது. யார் சொன்னது என்றில்லாமல் கரைவலை இழுக்கிற மாதிரி இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள், பெண்களும் ஆண்களும் கலந்து நின்றார்கள், குதிகாலைச் சேற்றில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள்.

"கண்ணி ரெண்டாச்சு!" என்று பனிமயம் குரல் கொடுத்தாள்.

"ஏலேலோ!"

"ரெண்டு நாலாச்சு!"

"ஏலேலோ!"

"எங்கண்ணன் எங்கடி போச்சு!"

"ஏலேலோ! ஏலேலோ!"

இழுக்க இழுக்க வந்தது. மைதானம் நிறைந்தது, கொடிக்கம்பம் மூழ்கியது, சாய்ந்து கிடந்த வேப்பமரத்தின் மேலே ஏறி இறங்கிச் சுவரைத் தாண்டி ரோட்டில் வழிந்தது, புயலுக்குப் பின் முதல் நடையாக வந்த பஸ் பிரிலுக்குள் சிக்கி நின்றது, கண்டக்டர் இறங்கி வந்து டிக்கெட் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிமயத்துக்குப் பின்னால் வரிசையில் நின்று இழுத்தார். நூல் இல்லாமலும் நூல் அறுந்தும் எப்போதோ தொலைந்த பொருளெல்லாம் இடையிடையே வந்து விழுந்தன: முதன்முதலாகப் போட்ட வீட்டுச் சாவி, ஒரு தூக்குச்சட்டி, ஊசி டப்பா, அளவெடுக்கும் டேப், சாக்கட்டிகள், ஒரு கோழி, அதன் பின்னால் யாரும் அறியாத குஞ்சுகள். ஜெனோவா முன்னால் நின்று இழுத்தாள், தொண்டை கிழியக் கூப்பிட்டாள், கண்ணீர் வழிந்தது, ஆனாலும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தவளுக்கு மூச்சு நின்றது. தான் பின்னியதை அவள் முழுசாகப் பார்த்தது இப்போதுதான். மடிப்புக்குள் மடிப்பாக, அலைக்குள் அலையாக, எங்கே பார்த்தாலும் ஒரே விதி, எங்கேயும் ஒரே மாதிரி இல்லை. பயத்துக்கு நடுவில் அவள் நெஞ்சு அப்படித் துள்ளியது.

"வருது! கனமா வருது!" என்று முன்வரிசை கத்தியது.

கடைசிக் கொத்து பிரிந்தது. அதிலிருந்து வள்ளத்தின் மூக்கு வந்தது, பிறகு வள்ளம் வந்தது, அதற்குள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு ரெமிஜியூஸ் நின்றிருந்தான். ஒரு ராத்திரிக்குள் அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

ஜெனோவா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "எங்கதான் போனீங்க?"

"எங்கயும் போகல. உன் சத்தத்தப் பாத்துத்தான் வந்துட்டே இருந்தேன்." அவன் சுற்றிலும் பார்த்தான், மைதானத்தையும் ரோட்டையும் மூடிக் கிடந்த பின்னலைப் பார்த்தான். குரல் இறங்கியது. "எட்டி, இவ்வளவும் உன் கையால போட்ட முடிச்சா? நான் ஒரு கோடி முடிச்சக் கடந்திருப்பேன். ஒண்ணுகூட அவிழல."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள், ஊர் பார்க்க நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். "இந்த மிஷினைக் கொண்டு போய் வீட்டுல வைக்கணும். நீங்கதான் தூக்கணும். எல்லாத்தையும் நீங்கதான் தூக்கணும்" என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். அவன் "தூக்குதேன், தூக்குதேன்" என்றான்.

கூரை பறந்த வீடுகளுக்கெல்லாம் மழைக்காலம் முடியும்வரை அந்தப் பின்னலைத்தான் வெட்டி வெட்டி மேலே மூடினார்கள், அது இரட்டிப்பாக மடிந்து கிடந்ததால் ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் அது பிறகு. அந்தக் காலையில் முதலில் பேசியது கயித்தம்மாதான். மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ராசா, இது என்ன மீனு?"

வள்ளத்தின் அடியில் ஒரு மீன் கிடந்தது. ஆள் நீளம், வெள்ளி நிறம், முதுகிலும் வாலிலும் துடுப்புச் செட்டையெல்லாம் பிரில் வைத்தது போல அடுக்கடுக்காக நெளிந்தது. கடலில் பிறந்து வளர்ந்த ஊரில் அதற்குப் பெயர் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. "அங்கன கிடந்துது. பசிச்சுது, புடிச்சேன். அடுப்பு இல்ல, கொண்டாந்தேன்" என்றான் ரெமிஜியூஸ். அவ்வளவுதான், ஆளுக்கொரு வேலையாகக் கிளம்பினார்கள், ஒருத்தி புளி கரைத்தாள், ஒருத்தி மிளகாய் அரைத்தாள், எப்படிக் கொதிக்க வைப்பது என்று மூன்று அடுப்பில் மூன்று சண்டை நடந்தது, கண்டக்டரும் டிரைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பது என்று முடிவு செய்தார்கள், பனிமயம் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து மீனின் செட்டையில் கையை வைத்தாள்.

"வெட்டாத! வெட்டாத பனிமயம், ஒரு நிமிசம்!"

ஜெனோவா கண்ணைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து மண்ணில் மண்டியிட்டாள். செட்டையை விரல்நுனியால் விரித்து வெயிலுக்குப் பிடித்தாள். ஒரு நரம்பு பிரிந்தது, எண்ணினாள். மறுபடி பிரிந்தது, மறுபடி எண்ணினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் விளக்கேற்றியது போல இருந்தது.

"ரெண்டு இல்ல, மூணு மூணாப் பிரியுது" என்றாள். "ஏங்க, அந்தச் சாக்கட்டியையும் டேப்பையும் எடுங்க. இந்த வால் நுனியப் பிடிச்சுக்கோங்க. அசையாமப் பிடிங்க."

ரெமிஜியூஸ் வாலைப் பிடித்துக்கொண்டான். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஊர் தட்டோடு காத்திருந்தது, அவள் அளந்துகொண்டிருந்தாள்.